ஹார்லனின் தாடியும் அளவு பார்த்த பீரும்

போர்ட்லாந்தில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, ஹார்லன் தன் கராஜில் முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிந்த இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டான். கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப் பூவை அள்ளி அள்ளிப் போட்டான். தெருவே பம்ப்ளிமாஸ் தோலும் பைன் மரமுமாக மணத்தது. ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, குழாய் வைத்த வாளியில் ஊற்றி மூடினான்.

கசப்பும் போதையும் தூக்கலான பீர். இருபது பாட்டில் தேறும். அதில் மூன்றை, வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கத்துப் போட்டிக்குக் கொடுக்க வேண்டும். மனைவி லோர்னாவின் அண்ணன் வெர்னோடு, யார் பீர் முந்தும் என்று பந்தயம் வேறு: தோற்றவன் எல்லார் முன்னாலும் தாடியை மழிக்க வேண்டும். ஹார்லனின் தாடி அவன் மகளைவிட மூத்தது.

பீர் புளித்துத் தேறிவிட்டதா என்று அறிய, கொஞ்சம் பிடித்து அதில் கண்ணாடி ஊசியை மிதக்கவிடுவார்கள். ஊசி இறங்கி இறங்கி ஒரே இடத்தில் நின்றால் தயார். பிடித்ததைத் திரும்ப வாளியில் ஊற்றினால் அத்தனையும் கெட்டுவிடும். கீழே கொட்டவோ, பாவம், யாருக்கு மனசு வரும்?

"சும்மா அளவு பாத்துட்டு வரேன், லோர்னா."

முதல் வாரம் விரல் பருமன் கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "ஊசி தாராளமா மிதக்கணும்ல?" என்று பெரிய பீர் மக்கை எடுத்துக்கொண்டான். பத்தாம் நாள் ஊசி நின்றுவிட்டது. ஹார்லன் நிற்கவில்லை.

பாட்டிலில் பிடிக்கிற நாளன்று, குழாய் இரண்டு பாட்டிலை நிரப்பிவிட்டுக் கொர்ரென்று காற்றை விட்டது.

"மீதி எங்க?" என்றாள் லோர்னா.

"குழாய் கசிஞ்சிருக்கும்."

"தரை காஞ்சு கிடக்கே?"

"ஆவியாயிருக்கும்."

"ஆவி உன் வாய்லதான் அடிக்குது."

அந்த இரண்டும்கூடப் போட்டி நாள்வரை தாங்கவில்லை. சங்கத்திலும் குழாய் கசிந்த கதையையே சொன்னான் ஹார்லன். நாற்காலியைப் போட்டு, ட்ரிம்மரை ஆட்டிக்கொண்டு நின்றான் வெர்ன்.

"வா மச்சான், காத்து வாங்கட்டும் அந்தக் கன்னம்!"

அதற்குள் முதல் பரிசை அறிவித்தார்கள். பேர் மறைத்த பாட்டில்களில் ஜெயித்தது லோர்னாவுடையது! ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார்கள். ஹார்லன் நாக்கில் வைத்தான். பம்ப்ளிமாஸ், பைன்.

"அடிப்பாவி, இது என் பீரு!" என்று அவள் காதில் சீறினான்.

"ஊசி நின்ன அன்னிக்கே அஞ்சு பாட்டில் பிடிச்சு ஒளிச்சு வெச்சேன். உன்னை நம்பியிருந்தா நுரைகூட மிஞ்சியிருக்காது. போய்ச் சொல்லேன். இது உன் பீருன்னும் சொல்லு, மிச்சத்தைக் குடிச்சது யாருன்னும் சொல்லு. தாடி பிழைச்சுக்கும்."

ஹார்லன் வாயைத் திறந்தான். ஐந்தில் மூன்று போட்டிக்குப் போயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ... இன்னும் ரெண்டு இருக்கா?"

"இருக்கு. வாயை மூடிக்கிட்டா உனக்கு. திறந்தா வெர்னுக்கு."

ஹார்லன் தாடியைக் கடைசியாக ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"சீக்கிரம் முடி மச்சான். வீட்ல வேலை கிடக்கு."

"அப்படி என்ன வேலை?"

"அளவு பாக்கணும்."