காப்புக் கட்டுமட்டும்

குணசேகரம் கைபேசியை அணைத்துச் சப்பாத்துக்குள் வைத்தார். சப்பாத்தைச் செருப்புத் தட்டின் அடியில், கை எட்டாத மூலைக்குத் தள்ளினார். பிறகு வேட்டியை இறுக்கிக்கொண்டு கொடிமரத்தடிக்குப் போனார்.

சுவிஸ் நாட்டு லாங்கன்தாலில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த பழைய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து முருகனை வைத்தவர் அவருடைய தகப்பன் தில்லைநாதன். அன்றிலிருந்து ஒவ்வொரு கொடியேற்றத்திலும் தலையில் பரிவட்டம் கட்டி முன்னால் நின்றவரும் அவரே. குணசேகரம் பின்னால் நின்றார். கிழமை நாட்களில் ஓல்டனில் பொதி ஏற்றும் வேலை. சனி ஞாயிறில் கோயில் கூட்டுவது, பந்தி பரிமாறுவது. சனம் அவரைச் சின்னத் தலைவர் என்றது. தலை முழுக்க நரைத்த பிறகும் சின்னத் தலைவர்.

"லண்டன் இளவரசருக்கே முடி கிடைச்சிட்டுது. உங்களுக்கு எப்ப அண்ணை?" செயலாளர் சிறீதரன் மடைப்பள்ளியில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பான். குணசேகரம் சிரிப்பார். அன்றிரவு சாப்பிடாமல் படுப்பார்.

நேற்று ஆஸ்பத்திரியில் தகப்பன் ஒட்சிசன் குழாயை விலக்கிவிட்டு, "இந்த முறை பரிவட்டம் நீ கட்டு" என்றார்.

குணசேகரம் நேரே ஐயரிடம் போனார்.

"கொடியேற்றத்தில கையில காப்புக் கட்டினாப் பிறகு பயமில்லை. செத்தவீட்டுத் துடக்கும் தொடாது," என்றார் ஐயர். "அதுக்கு முதல் அப்பாவுக்கு ஏதும் எண்டால், முப்பத்தொரு நாள் நீங்கள் வாசல் மிதிக்கேலாது. சிறீதரனுக்குத்தான் கட்டவேணும்."

சிறீதரனுக்கு நிர்வாக சபையில் ஆட்கள் இருந்தார்கள். அவனுடைய தலைக்குப் போகும் பரிவட்டம் திரும்பி வராது.

குணசேகரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். தகப்பனின் கட்டிலருகே இருந்த தங்கை கஜலக்சுமியை வெளியே கூப்பிட்டார்.

"என்ன நடந்தாலும் காப்புக் கட்டுமட்டும், அதுவரைக்கும் எனக்குச் சொல்லாதை."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"கேள்விப்பட்டால்தானே துடக்கு," என்றார்.

"அப்பா இன்னும் மூச்சு விடுறார் அண்ணா. நீ துடக்குக் கதைக்கிறாய்."

இப்போது கொடிமரத்தடியில் தவில் உச்சத்தில் இருந்தது. தட்டில் பரிவட்டப் பட்டு மடித்து வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் சிறீதரனும் புது வேட்டியில் நின்றான். ஐயர் மந்திரத்தை விடாமல் மஞ்சள் கிண்ணத்தை எடுத்தார்.

குணசேகரம் தலையைத் திருப்பியிருக்கக் கூடாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், கஜலக்சுமி நின்றாள். நேற்றைய சட்டை. குடையில்லை. மழை அவள்மேல் நேராக விழுந்தது. மாலை கட்டும் யோகாம்பாள் கதவைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை மழைக்க நிக்கிறாய்? உள்ளுக்க வாவன்."

கஜலக்சுமி மாட்டேன் என்று தலையாட்டினாள். ஓரடி பின்னால் போனாள். யோகாம்பாள் கதவைச் சாத்திவிட்டுக் குணசேகரத்தைப் பார்த்தாள்.

சிறீதரன் அவருடைய காதருகே குனிந்தான். "தங்கச்சி ஏன் அண்ணை உள்ள வரேல்லை?"

"அவவுக்குக் கோயிலுக்கு வரக்கூடாத நாள்."

"ஐம்பத்தஞ்சு வயசிலயோ?"

குணசேகரத்தின் காதுகள் சுட்டன. தங்கையைப் பற்றி வேற்று ஆணிடம் அப்படியொரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

"கையை நீட்டுங்கோ," என்றார் ஐயர்.

நீட்டினார்.

"வலது கை."

மாற்றி நீட்டினார். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். சிறீதரன் ஐயரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். தவில் எல்லாவற்றையும் மூடியது.

வெளியே கஜலக்சுமி கண்ணாடியூடாக அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. பிறகு, மெதுவாக, வீதிப்பக்கம் திரும்பி அவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

ஈர மஞ்சளில் காப்பு நூல் சிக்கிக் கிடந்தது. ஐயர் நகத்தால் அதன் நுனியைத் தேடினார்.