எண்பத்து நான்கு பந்துகள்

நெப்ராஸ்கா மாநிலம் ஓல்டர்பர்க் ஊரின் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பிரஜைகளுக்கும், சுற்றியுள்ள சோளக்காடுகளுக்கும், கேட்க விருப்பமுள்ள கால்நடைகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எழுபத்தைந்து ஆண்டுகளாக இடைவிடாது நடந்துவரும் நமது சிறுவர் பேஸ்பால் லீக்கின் பவளவிழா ஆண்டில், ஹாஸ் டிராக்டர்ஸ் அணியின் துணைக் கோச்சாக டாரல் வானெக் நியமிக்கப்பட்டிருக்கிறார்.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் இதை வாசித்தவர்கள் லீக் தலைவர், அணியின் கோச், டிராக்டர் கடை முதலாளி ஆகிய மூவர். மூவரும் வெர்ன் ஹாஸ் என்ற ஒரே ஆசாமி.

டாரலுக்குக் கண் கலங்கிவிட்டது. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர் அவர். சிறுவயதில் இதே லீக்கில் நான்கு வருடம் ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெஞ்சு ஆறிப்போகாமல் பார்த்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கொரு நினைப்பு. முப்பது வருடம் கழித்து ஊருக்கும் அது உறைத்திருக்கிறது.

"உன்ன மாதிரி ஆட்டம் புரிஞ்ச ஆளு இந்த ஊர்ல எவன்யா இருக்கான்?" என்று வெர்ன் முதுகில் தட்டினார்.

வீட்டில் மனைவி கானி சிரித்தாள். "போன வருஷமும் உனக்கு இதே ஆட்டந்தானே புரிஞ்சுது? அப்ப ஏன் கூப்பிடல?"

"இப்பதான் வெர்ன் கண்ணுல பட்டிருக்கேன்."

"நீ படல. ரீட் போடற பந்து பட்டிருக்கு."

பிள்ளைகளை அணிகளுக்குப் பங்கு பிரிக்கும்போது கோச், துணைக் கோச் ஆகியோரின் பிள்ளைகளை வேறெந்த அணியும் கேட்க முடியாது. குடும்பப் பாசத்தைக் காக்க முன்னோர் வகுத்த விதி. டாரலின் பன்னிரண்டு வயது மகன் ரீட் போடும் பந்தை வட்டாரத்தில் எவனாலும் தொட முடியவில்லை என்பது பாசத்தில் சேராத தனி விஷயம்.

கானிக்குப் பொறாமை என்று டாரல் முடிவு செய்தார்.

துணைக் கோச்சுக்குக் கிடைத்த வேலை, கட்டைவிரலால் ஒரு சின்ன கருவியை அமுக்கி மகன் போடும் பந்துகளை எண்ணுவது. வளரும் எலும்பு, ஒரு நாளைக்கு எண்பத்தைந்துக்கு மேல் போடக்கூடாது என்பது சட்டம். சொந்த மைதானத்து அணி சொல்லும் கணக்கே செல்லும் என்பது வழக்கம். ஓல்டர்பர்க்கில் வழக்கத்தைக் கண்டால் சட்டம் எழுந்து நின்று வழிவிடும்.

ஜூலை மாத இறுதிப் போட்டி. பக்கத்து ஊர்க்காரர்களைவிட ஒரே ஒரு ரன் அதிகம். கடைசி இன்னிங்ஸில் ரீட் கையை உதறினான்.

வெர்ன் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். "எத்தனை?"

"எண்பத்தி மூணு, கோச்."

"எழுபத்தி மூணு."

"இல்ல கோச், மெஷின்ல எண்பத்தி மூணு இருக்கு."

"உன்ன கோச்சாக்கினது மெஷினா?"

டாரல் மெஷினைப் பார்த்தார். வெர்ன் அவரையே ரீட் நின்று பந்தெறியும் மேட்டுக்கு அனுப்பி வைத்தார். அவர் நடந்தபோது அலுமினியப் படிகளில் உட்கார்ந்திருந்த ஊர், "டாரல்! டாரல்!" என்று கத்தியது. அந்த மைதானத்தில் அவர் பெயரை யாரும் கத்தியதில்லை.

"அப்பா, முழங்கை சுடுதுப்பா. எத்தனை ஆச்சு?"

"எழுபத்தி மூணுதான் கண்ணா. இன்னும் நிறைய இருக்கு."

அதற்குப் பிறகு பதினொரு பந்து. பதினொன்றாவதில் எதிராளி மட்டையை வீசிக் கோட்டைவிட்டான். வெற்றி! ஊரே எழுந்து குதித்தது. ரீட் மேட்டில் முழங்காலிட்டுக் குனிந்திருந்தான். "பாருங்க, பையன் கர்த்தருக்கு நன்றி சொல்றான்!" என்று போதகர் உருகினார். கைதட்டல் இரண்டு மடங்கானது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலறுவது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் காதில் விழுந்தது.

எலும்பு வளரும் இடத்திலேயே பிளந்திருந்தது. திருகாணி வைத்தார்கள். இனி பந்தெறிவதை மறந்துவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

"அன்னிக்கு எத்தனை பந்து போட்டே தம்பி?"

டாரல் வாயைத் திறப்பதற்குள் ரீட் பதில் சொன்னான்: "எண்பத்தி நாலு. எங்கப்பாதான் எண்ணினாரு."

கானி அன்றிலிருந்து டாரலிடம் சாப்பாடு தயார் என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பனிக்காலம் முழுவதும் அவர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தார்: செய்தது பாவம்தான்; ஆனாலும் ஆட்டம் தெரிந்தவன் என்றுதானே வெர்ன் தன்னைக் கூப்பிட்டார்.

மார்ச்சில் மறுபடி தீயணைப்பு நிலையம். டாரல் முன்வரிசையில் உட்கார்ந்தார். எழுபத்தாறாம் ஆண்டின் துணைக் கோச்சை வெர்ன் அறிவித்தார்: ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பல் மருத்துவர் லெலண்ட் கிரேபர். அவருடைய பதினொரு வயது மகள் இடக்கையால் பந்தெறிவாள். வட்டாரத்தில் எவனாலும் தொட முடியாது. "ஆட்டம் புரிஞ்ச மனுஷர்," என்றார் வெர்ன்.

பல் மருத்துவர் அதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.