நாலு மாடிச் சுவருக்கு ஒரு கொடி

குழி இன்னும் முழங்கால் ஆழம்கூட ஆகவில்லை. ஓடெல் மண்வெட்டியை ஓங்கி இறக்கினார். உடைந்த செங்கல் ஒன்று தெறித்துக் காதோரமாகப் பறந்தது.

"சீக்கிரம்ப்பா," என்றாள் பெர்நடின், தொட்டியிலிருந்து செடியை வேரோடு உருவியபடி. "வேலிக்காரன் வந்து கான்கிரீட் ஊத்திட்டான்னா இங்க ஒரு புல்லுகூட நட முடியாது."

"ரிட்டயரான பஸ் டிரைவர்கிட்ட வேகம் கேக்குறியே, நியாயமா?"

"பஸ் ஓட்டும்போதும் நீ லேட்டுதான். தோண்டு."

மில்வாக்கியின் அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த பழைய வீடுகள் இரண்டே. ஒன்று பெர்நடினுடையது, அடுத்தது ஓடெலுடையது. அவள் கொல்லைப்புற வேலியை ஒட்டி, கட்டட முதலாளி ஹால்வர்சனின் அடுக்குமாடி எழும்பியதிலிருந்து, அங்கே வெயில் என்பது வானத்தில் பார்க்கும் சமாச்சாரமாகிவிட்டது. தக்காளி காய்க்கவில்லை. ரோஜா கறுத்துச் செத்தது. கட்டும்போதே பழைய வேலி போய்விட்டது; சுவரோரம் புது வேலி போட ஹால்வர்சனே ஆள் சொல்லியிருந்தார். "இந்த இருட்டுல என்ன மேடம் வளரும்? நல்ல விலை தர்றேன், வித்துடுங்க," என்று வாரம் தவறாமல் வந்து நின்றார் ஹால்வர்சன். அவள் போய்விட்டால் அடுத்த குறி தன் வீடுதான் என்பது ஓடெலுக்குத் தெரியும். முதுகு வலித்தாலும் தோண்டுவதற்கு அதுவே போதுமான காரணம்.

சனிக்கிழமை செடி விற்கும் நர்சரியில் பெரிய சண்டையே நடந்தது. ஓடெல் க்ளெமாட்டிஸ் கொடியைக் காட்டினார். "காலுக்கு நிழல் வேணும், தலைக்கு வெயில் வேணும்னு கேக்கும் இது. வெயிலுக்கு நான் எங்க போக?" என்று தள்ளினாள் பெர்நடின். ஹனிசக்கிள் சுற்றிக்கொண்டு ஏற கம்பி வேண்டும். ஐவி இந்த ஊர்ப் பனிக்குக் கருகும். கடைசியில் அவள் கை நின்றது சுவரேறும் ஹைட்ரேஞ்சியாக் கொடியில். நிழலிலும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். தன் வேராலேயே சுவரைக் கவ்விப்பிடித்து உச்சிவரை போகும்.

"பூக்க அஞ்சாறு வருஷம் ஆகுமாம்," என்றார் ஓடெல்.

"ஆகட்டும். நான் எங்கயும் போகல."

இப்போது அந்த வேரைக் குழியில் இறக்கி, தண்டைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, அவள் மண்ணைத் தள்ளினாள். பக்கத்துச் சந்தில் லாரி நின்ற சத்தம். வேலிக்காரர்களோடு ஹால்வர்சன் உள்ளே வந்தார். செடியைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்ன மேடம் இது?"

"கொடி. நிழல்ல வளர்றது. நீங்கதான கேட்டீங்க, என்ன வளரும்னு."

"என் சுவர்ல ஒரு வேர் பட்டாலும் கோர்ட்டுக்குப் போவேன். பிடுங்குங்க."

"பிடுங்க மாட்டேன்."

ஓடெல் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "பெர்நடின், கம்பி வெச்சுத் தள்ளி ஏத்தலாமே," என்று முணுமுணுத்தார்.

"நீ தண்ணி ஊத்து," என்றாள் அவள். பிறகு மண் ஒட்டிய கையை நிதானமாகச் சுவரிலேயே துடைத்தாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

ஹால்வர்சன் முகம் சிவந்தது. "போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அப்படியே உங்க வக்கீலையும் வரச் சொல்லுங்க. போன வாரம் கிரீன் பே ஊர்லேர்ந்து என் தம்பி போன் பண்ணான். அப்பா வேலியோட அந்தப் பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க நிப்பாரே, அந்த இடம் எங்க போச்சு அக்கான்னு கேட்டான்."

"எந்த இடம்?"

"அடுத்தவன் மண்ணுல நின்னு பிரஷ் பிடிக்கக் கூடாதுன்னு, எல்லைக்கு ரெண்டடி இந்தப் பக்கமா வேலி போட்டவர் எங்கப்பா. உங்க ஆளுங்க அளக்கவே இல்ல, வேலிதான் எல்லைன்னு அதை ஒட்டியே கட்டிட்டாங்க. நேத்து சர்வேயர் வந்து, எல்லை குறிக்க அந்தக் காலத்துல புதைச்ச கம்பியை மண்ணைத் தோண்டிக் காட்டினார். உங்க கட்டடத்து முன்வாசல்ல, பூச்செடிக்கு நடுவுல இருக்கு."

ஓடெல் கையிலிருந்த வாளி பாதியில் நின்றது.

"இந்தச் சுவர் நிக்கிறது என் நிலத்துல, மிஸ்டர் ஹால்வர்சன்."