கடைசியில் வரும் தண்ணீர்

சைதுன்னிசா பக்கத்தில் நின்றால் மெஷின் டம்ளரைப் பளிச்சென்று கழுவியது. அவள் நகர்ந்து போனால் கழுவ மறுத்தது.

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் கேன்டீனை அவள்தான் நடத்துகிறாள். மெஷின் வந்த நாளிலிருந்து இதே கதை. காலையில் மெஷினுக்குள் இருக்கும் தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, முதல் இரண்டு கூடைகளை அவளே அடுக்கி உள்ளே தள்ளுவாள். கதவைத் திறந்தால் ஆவி பறக்க, கண்ணாடி டம்ளர்கள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போல நிற்கும். டீ நேரம் வந்ததும் கவுன்டருக்கு ஓடுவாள். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் அடியில் பழுப்பு வளையம் அப்படியே இருக்கும். விரலால் தடவினால் வழுக்கும். தொட்டித் தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று ஓட்டினால் பளிச். நகர்ந்தால் மறுபடி வளையம்.

"யக்கா, இது உங்களப் பாத்துதான் பயப்படுது" என்றான் சகாயராஜ். கம்பெனியின் தையல் மெஷின் மெக்கானிக். ஊர் தூத்துக்குடிப் பக்கம். "பேசாம உங்க போட்டோவ பிரேம் போட்டு மேல மாட்டிருவோம்."

"மாட்டு, மாட்டு. மாலையும் போட்டுரு. நாலு மணிக்கு சித்ரா மேடம் வந்து பாத்தா என் கேன்டீனுக்கும் சேத்துப் போடலாம்."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். சித்ராதேவி கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். முந்தின நாள் வந்து மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்: "பேப்பர் கப் இனி ஆகாதுன்னு நம்ம பனியன வாங்கற பையர் கண்டிசனா சொல்லிட்டாங்க்கா. நாளைக்கு நாலு மணி டீக்கு நானே வந்து பாக்கறனுங்க. டம்ளர் சுத்தமா வந்துச்சுன்னா கேன்டீன் உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லாட்டி கோயமுத்தூர்ல ஒரு கான்ட்ராக்ட்காரங்க மெஷினோட ரெடியா இருக்காங்க, அவங்களுக்குச் சரின்னு சொல்லணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

கையால் கழுவிச் சமாளிக்க வழியில்லை. ஒரு ஷெட் ஆட்கள் டீ குடித்துவிட்டு எழுந்திருக்கும்போதே அடுத்த ஷெட் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். அதே டம்ளர்கள் அதற்குள் கழுவி, சூடாகி, காய்ந்து வந்தாக வேண்டும். அதை மெஷினால்தான் செய்ய முடியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. கோயமுத்தூர் ஷோரூமுக்கு பஸ்ஸில் போனபோது கேன்டீன் போர்வெல் தண்ணீரை இரண்டு கேன் நிறையக் கொண்டுபோனாள். முந்தின நாள் டீ காய்ந்துபோன டம்ளர்களை ஒரு பையில் போட்டுத் தூக்கிப்போனாள். "இதக் கழுவிக் காட்டுங்க. உங்க டம்ளரு வேண்டாம், உங்க தண்ணியும் வேண்டாம்." ஷோரூம்காரர் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு கேள்வி கேக்கமாட்டாங்க, மேடம்." அவள் அதற்குமேலும் கேட்டாள். கூடையின் உயரம் எங்கள் டம்ளருக்குப் போதுமா, கழிவுக் குழாய் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது, எங்கள் கரண்டு லைன் தாங்குமா, உப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது. கடைசிக் கேள்விக்காகவே தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சின்ன டப்பா ஒன்றையும் மெஷினோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று பேச்சு.

அங்கே கழுவியது, இங்கே ஏன் கழுவவில்லை? தண்ணீர் அதேதான். டம்ளர் அதேதான். மெஷினும் அதேதான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளும் சகாயராஜும் மெஷின் முன்னால் குந்தினார்கள். அவன் வோல்டேஜ் பார்த்தான், சரியாக இருந்தது. சல்லடையைக் கழற்றித் தட்டினான், சுத்தமாக இருந்தது. தண்ணீர் பீய்ச்சும் கைகளின் ஓட்டைகளை ஊசியால் குத்திப் பார்த்தான், அடைப்பு இல்லை.

"எல்லாம் ஓகே. அப்ப பேய்தான்" என்றான்.

"இருடா, ஓட்டிக் கேப்போம்."

காலை டீக்குப் பிறகு தொட்டியில் கிடந்த அதே தண்ணீரோடு ஒரு கூடையை உள்ளே தள்ளினாள். கதவில் காதை வைத்தாள். நன்றாக ஓடும்போது இந்த மெஷினுக்கு ஒரு சத்தம் உண்டு. தகரக் கூரையில் கனமழை அடிப்பது போல, இடைவிடாமல். இப்போது அந்த மழை விட்டு விட்டுப் பெய்தது. நடுவில் தொண்டை கட்டியவன் கனைப்பது போல ஒரு சத்தம்.

"பம்பு காத்த இழுக்குதுக்கா" என்றான் சகாயராஜ், சட்டென்று நிமிர்ந்து.

அவள் பாதியிலேயே கதவைத் திறந்தாள். மெஷின் நின்றது. உள்ளே தண்ணீரே தெரியவில்லை. தொட்டிக்கு மேல் வெள்ளை வெளேரென்று நுரை, கூடையைத் தொடும் அளவுக்கு.

கழுவாததற்குக் காரணம் இதுதான்! பம்பு தண்ணீரை இழுத்தால்தானே வேகமாகப் பீய்ச்சும்? நுரையை இழுத்தால் காற்றைத்தான் ஊதும். காற்று எந்தக் கறையைப் பெயர்க்கும்?

"சோப்பு ஜாஸ்தி ஊத்திட்டீங்களா?"

"இல்லடா. மெஷினே அளந்து எடுத்துக்குது." சொல்லும்போதே அவள் கை வேலையில் இறங்கிவிட்டது. மெஷினுக்கென்று வந்த திரவத்தை ஒரு பாட்டில் தண்ணீரில் சில சொட்டு விட்டு, மூடியைப் போட்டுக் குலுக்கினாள். குமிழிகள் எழுந்தன, உடனே செத்துப்போயின. இன்னொரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டு குலுக்கினாள். நுரை பாதி பாட்டிலுக்கு ஏறி, இறங்காமல் நின்றது.

இந்த வகை மெஷினுக்கு நுரைக்காத சோப்பு மருந்துதான் போடுவார்கள். அழுக்கை எடுப்பது நுரை இல்லை. சூடும் மருந்தும் அடிக்கிற வேகமும்தான். அப்படியென்றால் தொட்டியில் இருப்பது மெஷினின் சோப்பு இல்லை. வேறு எங்கிருந்தோ வந்த சோப்பு.

இரண்டு பாட்டில்களையும் மூக்கருகே கொண்டுபோனாள். முதலாவதில் ஒரு வாசமும் இல்லை. இரண்டாவதில் எலுமிச்சை வாசம்.

பாத்திரம் துலக்கும் கட்டிச் சோப்பின் வாசம்.

அவள் எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். எச்சில் டம்ளர்கள் ஜன்னல் வழியாக அங்கேதான் வந்து சேரும். அவற்றைக் கூடையில் அடுக்கி அனுப்புவது பாண்டியம்மாளின் வேலை. அருப்புக்கோட்டைக்காரி, சைதுன்னிசாவைவிடக் கொஞ்சம் மூத்தவள். அகலமான பேசினில் சோப்புத் தண்ணீர், அதில் டம்ளர்கள், அவள் கையில் நார். சைதுன்னிசாவைக் கண்டதும் நாரை முந்தானைக்குள் மறைத்தாள்.

"பாண்டிக்கா, மறைக்காதீங்க. நாந்தான் மோந்து கண்டுபிடிச்சுட்டேனே. நான் இந்தப் பக்கம் வந்தா மட்டும் சோப்பு போடறதில்லையாக்கும்?"

"நீதான் கையால வெளக்க வேணாம்னு சொல்லிட்டியே தாயி."

"அப்புறம் ஏன் வெளக்கறீங்க?"

பாண்டியம்மாள் மறைத்த நாரை எடுத்துப் பேசின் ஓரத்தில் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "சாயங்காலம் அந்தத் தொட்டியத் தொறந்து விடுறது நாந்தான? எப்படித் தண்ணி வருதுன்னு நீ பாத்திருக்கியா? டீக்கலர்ல வருது. எத்தன பேரு வாய் வச்ச டம்ளரு! எல்லா எச்சியும் அதுக்குள்ள. அதே தண்ணியத் திருப்பித் திருப்பி அடிக்கிது. அதுல முக்குன டம்ளர மனுசன் வாயில வைக்க நான் குடுக்கணுமா? நான் குடிக்கமாட்டேன். நான் குடிக்காதத எப்படி அடுத்தவுகளுக்குக் குடுப்பேன்? அதான் முதல்லயே வெளக்கி அனுப்புறேன். மெஷினுல எச்சி ஏறாதுல்ல."

சகாயராஜ் சிரிக்க வாயெடுத்தான். சைதுன்னிசா அவன் காலை மிதித்தாள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது? பாண்டியம்மாள் பார்த்தது நிஜம். தொட்டித் தண்ணீரை மெஷின் திருப்பித் திருப்பித்தான் அடிக்கிறது. அதை ஷோரூமில் இவளும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வருவதையும் கேட்டிருந்தாள். இரண்டாவதைப் பாண்டியம்மாளிடம் சொல்லவே இல்லை. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டாள்.

"அக்கா, இப்படி வாங்க. ஒண்ணு காட்டறேன். நீங்களே பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

மெஷினை நிறுத்தித் தொட்டியைத் திறந்துவிட்டாள். நுரையோடு பழுப்புத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. மெஷின் உள்ளே கை விட்டு அடிவரை துடைத்தாள். "தொட்டியில தண்ணி இருக்கா?"

பாண்டியம்மாள் குனிந்து பார்த்தாள். "சொட்டுத் தண்ணி இல்ல."

"இங்க பாருங்க, கை ரெண்டு சோடி இருக்கு. தடியா இருக்கறது தொட்டித் தண்ணிய அடிக்கறது. எச்சி போறது, கறை போறது எல்லாம் அதுல. பக்கத்துல ஒல்லியா ஒண்ணு இருக்கு பாருங்க, அது தொட்டியத் தொடறதே இல்ல. பின்னால தனியா ஒரு பாய்லரு இருக்கு. குழாயில இருந்து நேரா அதுக்குள்ள போயி, சுட்டு, இந்த ஒல்லிக் கையில வருது."

"வாயால சொன்னா ஆச்சா?"

"அதுக்குத்தான் தொட்டியக் காலி பண்ணுனேன்."

எப்போதும் கவிழ்த்து வைக்கும் டம்ளரை இந்த முறை நிமிர்த்தி, கூடை நடுவில் வைத்தாள். கதவை மூடிப் பொத்தானை அமுக்கினாள். காலித் தொட்டியை நிரப்ப, மெஷின் முதலில் பாய்லர் தண்ணீரைத்தான் எடுக்கும். அது அந்த ஒல்லிக் கை வழியாகத்தான் வரும். உள்ளே மெல்லிய சீறல் கேட்டது. கொஞ்ச நேரம் விட்டுக் கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. நிமிர்ந்திருந்த டம்ளரில் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது.

பாண்டியம்மாள் தொட்டுப் பார்த்து, "ஆத்தாடி!" என்று கையை உதறினாள். "கொதிக்கிதே!"

"இதுதான் கடைசித் தண்ணி. ஒவ்வொரு கூடைக்கும் கடைசியில புதுசா இதுதான் டம்ளர் மேல விழுது. இது தொட்டியில சேரச்சேரப் பழைய தண்ணி மேல வழிஞ்சு சாக்கடைக்குப் போயிரும். வெளிய வர்ற டம்ளர் மேல ஒட்டியிருக்கறது இந்தத் தண்ணி."

பாண்டியம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முந்தானையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்தாள். பிறகு, "ரெண்டு தண்ணியா இது?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "துணி தொவைக்கிற மாதிரி. சோப்புத் தண்ணி வேற, அலசுற தண்ணி வேற."

"அதேதான்! அதேதானுங்க்கா!" சைதுன்னிசா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எனக்கு இப்படிச் சொல்ல வரல பாத்தீங்களா."

"முதல்லயே சொல்லித் தொலஞ்சிருக்கலாம்ல தாயி? என் கையெல்லாம் சோப்புல ஊறிப்போச்சு." சொல்லிக்கொண்டே போய்ப் பேசினைக் கவிழ்த்தாள். "ஆனா டீ மண்டியோட உள்ள அனுப்ப மனசு ஒப்பல. வெறுந்தண்ணியில ஒரு அலசு அலசிக்கிறேன். அதுக்கு உன் மெஷினு கோவிக்குமா?"

"கோவிக்காது. சந்தோசப்படும்."

"அப்புறம் அந்தத் தொட்டித் தண்ணி சாயங்காலம் வரைக்கும் கெடக்கக் கூடாது. ஒரு டீக்கு ஒரு தண்ணி."

"சரிங்க, மேனேஜரம்மா" என்றான் சகாயராஜ். அவள் ஈர நாரை அவன் மேல் எறிந்தாள்.

நாலு மணிக்குச் சித்ராதேவி வந்தபோது முதல் ஷெட் ஆட்கள் குடித்து முடித்திருந்தார்கள். சைதுன்னிசா கவுன்டரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மெஷின் பக்கம் போகக் கால் துடித்தது; வேண்டுமென்றே போகவில்லை. அங்கிருந்து தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் விடாமல் கேட்டது. அது போதும்.

சித்ராதேவி அடுத்தடுத்து வந்த கூடைகளில் கைக்கு வந்த டம்ளரை எடுத்து, அடியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் தடவினார். கடைசிக் கூடைக்கும் அதையே செய்தார்.

"நேத்து வழவழன்னு இருந்துச்சேங்க்கா? இன்னைக்கு எப்படிங்க?"

"பாண்டிக்காவையே கேளுங்க" என்றாள் சைதுன்னிசா.

பாண்டியம்மாள் சூடான டம்ளர் ஒன்றில் டீயை வாங்கி, எல்லோருக்கும் முன்னால் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "டம்ளர்ல மிச்ச டீயக் கொட்டணும். சோப்பு போடாம வெறுந்தண்ணியில ஒரு தடவ அலசணும். கவுத்து அடுக்கி உள்ள தள்ளணும். ஒவ்வொரு டீ முடிஞ்சதும் தொட்டித் தண்ணிய மாத்தணும். அம்புட்டுத்தான்."

"அப்ப கேன்டீன் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க" என்றார் சித்ராதேவி. "எனக்கும் இந்த டம்ளர்லயே ஒரு டீ குடுங்க."