ஆயுத பூஜை வரைக்கும் கெடு

விமானத்தில் ஏற மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் காளிதாஸ் சொன்னது, இட்லிக்கு இரண்டாம் தடவை சட்னி வாங்கிக்கொண்ட பிறகுதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் சட்னி வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த அளவுக்காவது தேறியிருக்கிறார்.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஜாக்கு கோளாறாமா. பேப்பர்ல போட்டிருக்கறான் பாரு," என்று போனை என் பக்கம் நீட்டினார்.

எங்கள் மகள் சுகன்யாவுக்கு ஹைதராபாத்தில் வேலை. அங்கே ஒரு பிளாட் வாங்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறாள். சேலத்திலிருந்தே விமானம் இருக்கிறது, நீங்கள் ரயிலில் வந்து இடுப்பு வலி என்று படுக்க வேண்டாம் என்று சொல்லி அவளே டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தாள். நான் புதுச் சேலை எடுத்து, ஃபால்ஸ் வைத்துத் தைத்து, பெட்டியில் மடித்தும் வைத்தாயிற்று. இந்த மனுஷன் இப்போது வந்து ஜாக்கு என்கிறார்.

போனை வாங்கிப் படித்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டில், ஏதோ ஒரு வகை விமானத்தில், சக்கரத்தை மடக்கி நீட்டுகிற ஹைட்ராலிக் ஜாக்கில், எண்ணெயை அடைத்து வைக்கிற சீல் என்கிற பாகம் சரியில்லையாம். எண்ணெய் கசிகிறதாம். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று விதி கொண்டுவரப் போகிறார்கள். இப்போதைக்கு வரைவுதான், யாருக்குக் கருத்து இருந்தாலும் எழுதி அனுப்பலாம். விதி வந்த பிறகும் பாகத்தை மாற்ற எட்டு மாசம் கெடு.

அந்தக் கெடுவைப் படித்ததிலிருந்துதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"கோளாறுன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பொறவும் எட்டு மாசம் ஓட்டுவானாமா. உள்ள உக்காந்திருக்கறவன் மனுசன் இல்லையா?"

ஜாக்கு விஷயத்தில் அவரோடு வாதாட எங்கள் திருச்செங்கோட்டில் யாரும் துணிய மாட்டார்கள். எங்களுக்குப் பிழைப்பே ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிதான். லாரியின் மேல் ஒரு இரும்புக் கோபுரம் படுத்திருக்கும், அதற்கு மாஸ்ட் என்று பெயர். இரண்டு பக்கமும் இருக்கிற ஹைட்ராலிக் ஜாக்குகள் அதைத் தூக்கி நேராக நிறுத்தினால்தான் துளை போட முடியும். அந்த ஜாக்குகளுடன் அவர் பேசிய பேச்சில் பாதி என்னோடு பேசியிருந்தால் எனக்குக் குறையே இருந்திருக்காது.

சுகன்யாவுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமைசாலி, அது என்னிடமிருந்து போனதில்லை.

"அப்பா, அது பெரிய ப்ளேனுங்கப்பா. நம்ம சேலத்துக்கு வாரது முன்னாடி காத்தாடி சுத்தற சின்ன ப்ளேன். அந்த மாடல் அங்க வாரதே இல்லீங்கப்பா."

"சின்னதா இருந்தா என்ன, சக்கரம் இருக்குதில்ல? சக்கரம் இருந்தா ஜாக்கு இருக்கும். ஜாக்கு இருந்தா சீல் இருக்கும். சீல் இருந்தா கசியும்," என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "கருத்து எழுதலாம்னு போட்டிருக்கறானில்ல. நான் சொல்றேன், நீ இங்கிலீசுல அடிச்சு அனுப்பு."

எழுந்து நின்றார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். மேடையில் பேசுகிறவர் குரலில் சொன்னார்: "ஐயா, நான் ரிக் வண்டி வெச்சிருக்கறவன். கோளாறுன்னு கண்ணுல பட்டா அன்னைக்கே வண்டிய நிறுத்தோணும். கெடு குடுக்கறது தப்பு. இப்படிக்கு, காளிதாஸ், திருச்செங்கோடு."

சுகன்யா சிரிக்காமல் அனுப்பி வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. வெளிநாட்டுக்காரன் இவரிடம்தான் யோசனை கேட்டு நிற்கிறான் என்றே ஊரில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் எங்கள் ரிக் வண்டி கெங்கவல்லியில் வேலையை முடித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் பள்ளிபாளையம் போகிற வழியில் வீட்டுக்கு வந்து நின்றது. அதை ஓட்டுகிறவன் என் தம்பி தீனதயாளன். துளை போடுகிற பொறுப்பு முழுக்க அவனுடையதுதான். எனக்கு உடன்பிறந்ததும் அவன் ஒருவன்தான்.

அவன் இறங்குவதற்குள் இவர் கேட்டார்: "எத்தனை அடி?"

இது இவர் வழக்கம். தீனனிடமிருந்து எப்போது போன் வந்தாலும் முதல் பேச்சு அதுதான். ஒரு தடவை அவன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, "மாமா, உடம்பு சரியில்லீங்க," என்றான். இவர் அதற்கும், "எத்தனை அடி?" என்றார்.

"எழுநூறுங்க மாமா. தண்ணி பரவால்ல," என்றான் தீனன். "இடது ஜாக்குதான் ஆகாதுங்க. மாஸ்ட்டு பாதியில நின்னா மெல்ல மெல்ல இறங்குது. உள்ள ராடே கீறல் உழுந்து போச்சு. சீல் மட்டும் போட்டா நிக்காது, ஜாக்கையே மாத்தோணுங்க."

"சீசன்ல ஜாக்கைக் கழட்டுனா பள்ளிபாளையத்துக்காரன் வேற வண்டியக் கூப்பிட்டுக்குவான். எண்ணெய் ஊத்திக்க. துணி சுத்திக்க. ஆயுத பூஜைக்குப் பாத்துக்கலாம்."

எங்கள் ஊர் ரிக் வண்டிகள் எங்கே போயிருந்தாலும் ஆயுத பூஜைக்குத் திரும்பிவிடும். பெயிண்ட், வெல்டிங், சீல், எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாம் அப்போதுதான். நடுவில் எது கெட்டாலும், ஓடுகிறவரை ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். எந்த முதலாளியைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது மாசி. ஆயுத பூஜை புரட்டாசியில். வெளிநாட்டுக்காரன் கொடுத்த கெடுவுக்கும் இவர் கொடுத்த கெடுவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

தீனன் கைகழுவ வந்தபோது அவன் சட்டையின் முதுகில் கிரீஸ் தடம் பட்டையாக இருந்தது.

"இது என்னடா?"

"மாஸ்ட்டு பாதி எந்திரிக்கறப்போ ஹோஸ் சிக்குமில்லக்கா. மேல ஏறி, அடியில குனிஞ்சு எடுத்து உடோணும். அன்னைக்குக் குனிஞ்சிருந்தனா, ஒரு சாண் இறங்கி முதுகுல தொட்டுது. உருண்டு வந்துட்டேன். ஒண்ணுமில்ல போ." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  அந்த மாஸ்ட்டின் எடைக்கு அவன் முதுகெல்லாம் ஒரு கணக்கா? இவனும் சொல்ல மாட்டான், மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. நேராக இவரிடம் போனேன்.

"ஏனுங்க, ப்ளேன்ல உக்காரறவன் மனுசன். வண்டி மேல ஏறறவன் மனுசனில்லீங்களா?"

"அது ஆகாசத்துல போறது. இது தரையில நிக்கறது. அது வேற, இது வேற."

"அப்படிங்களா. அப்ப நானும் ஒரு விதி போடறேன். வரைவுதான். ஜாக்கு மாத்தற வரைக்கும் வண்டி நகரக் கூடாது. உங்களுக்குக் கருத்து இருந்தாச் சொல்லுங்க."

"ஆகாது. அதுதான் என்ற கருத்து."

"சரிங்க, பரிசீலிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெங்காய முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய் ஊற்றினார்கள். ஜாக்கின் கழுத்தில் பழைய துணியைச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டினார்கள். தூக்கிப் பார்த்துவிடலாம் என்று இவரே லீவரைப் பிடித்தார். மாஸ்ட் முனகிக்கொண்டு பாதி எழுந்தது. வழக்கம்போல ஹோஸ் சிக்கியது. தீனன் ஏணியில் கால் வைத்தான்.

"நீ இரு," என்று அவனை ஒதுக்கிவிட்டு நான் ஏறினேன். ஐம்பது வயதில், முழங்கால் வலியோடு, சேலையைச் சொருகிக்கொண்டு, ஒரு கையில் முறத்தோடு ரிக் வண்டி ஏறுவது பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. தீனன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் மாஸ்ட்டுக்கு அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சென்னி, என்ன பண்ற நீ?"

"ஹோஸை எடுத்து உடறேனுங்க. துணிதான் சுத்தியாச்சே, என்ன பயம்? நீங்க லீவரைப் புடிங்க."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. பிறகு மேலே பார்த்தேன். வானமே தெரியவில்லை, முழுக்க இரும்பு. துணியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் உரித்த வெங்காயத்தின் மேல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. இரும்பு நகர்ந்த மாதிரி இருந்தது. மாதிரி இல்லை, நகர்ந்தேவிட்டது. என் வீறாப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, முறம் சாய்ந்து வெங்காயம் உருண்டது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. நான் இறங்கினால் அடுத்து ஏறுகிறவன் அவன்.

இவர் கை லீவரின் மேலேயே இருந்தது. தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இறங்கு," என்றார்.  "இறங்கு சாமி."

இந்த மனுஷன் பேப்பர் போடுகிறவனைச் சாமி என்பார், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைச் சாமி என்பார். என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"ஜாக்கு?"

"மாத்தறேன். இறங்கு."

"ஆயுத பூஜைக்குப் பாத்துக்கலாமுங்களே."

"இன்னைக்கே கழட்டறேன். உனக்குப் புண்ணியமாப் போகும், இறங்கு சென்னி."

தீனன் கை கொடுத்தான். நான் தரையில் கால் வைத்த பிறகுதான் இவர் மாஸ்ட்டைப் படுக்க வைத்தார். அப்புறம் அங்கேயே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்துத் துடைக்கத் துடைக்க முகத்தில் வேர்வை ஊறிக்கொண்டே இருந்தது.

தீனன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபமே இல்லை. ஏதோ கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"அக்கா ஒருக்கா ஏறுனதுக்கே உங்களுக்கு இப்படி வேர்க்குதுங்களே மாமா. நான் தெனமும் ஏறறேனுங்க."

 இவரைக் குத்திக்காட்ட நான்கைந்து பேச்சு நான் தயாராகத்தான் வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கப் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் பள்ளிபாளையத்துக்காரருக்குப் போன் போட்டார். "வண்டி வாரதுக்கு ரெண்டு நாள் தள்ளிப் போகுமுங்க. அவசரம்னா வேற வண்டி பாத்துக்குங்க," என்றார். அவரும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். இடது ஜாக்கோடு, நன்றாக இருந்த வலது ஜாக்கையும் சேர்த்து மாற்றினார்கள். நான் கேட்காமலே.

சனிக்கிழமை விமானத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் பழைய பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. "சென்னி, நான் ரயில்ல வாரேன். நீ முன்னாடி போயிரு."

"நான் ஜாக்குக்கு அடியில உக்காந்தேன். நீங்க ஜாக்குக்கு மேல உக்காருங்க," என்றேன்.  காரில் ஏறிவிட்டார்.

சுகன்யா சொன்ன மாதிரி காத்தாடி வைத்த சின்ன விமானம்தான். நடக்கும்போதே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். ஜாக்கைச் சுற்றித் துணி ஏதும் கட்டியிருக்கிறதா என்று பார்த்தாராம். மேலே எழும்பியதும் காலுக்குக் கீழே கடக்கென்று ஒரு சத்தம். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்துவிட்டது. "மடங்கிருச்சு," என்றார். அதன் பிறகு வழி நெடுகக் குனிந்து காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் கசிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது மறுபடியும் கடக்கென்று சக்கரம் நீண்டது. இந்தத் தடவை இவர் கவனிக்கவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது ஆன் பண்ணலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தீனன் அன்றைக்குத்தான் புது ஜாக்குகளோடு எலச்சிப்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தான்.

விமானம் நின்றதும் நிற்காததுமாக அவனுக்குப் போன் போட்டார். எத்தனை அடி என்று கேட்கப் போகிறார், கேட்கட்டும், விமானம் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நானும் தயாரானேன்.

"மாப்ள, நீ இப்ப எங்க நிக்கற?" என்றார்.

 தீனன் குரல் எனக்கும் கேட்டது. "இன்னும் ஆரம்பிக்கலீங்க மாமா. அடி ஒண்ணும் ஆகல."

"அடிய யாரு கேட்டா? நீ எங்க நிக்கறேன்னு கேட்டேன்."

"டீக்கடையிலீங்க மாமா."

"செரி," என்றார் இவர். "மெதுவாக் குடிச்சுட்டுப் போ."