பாதியில் முடித்த வண்டிக் கடன்

பழைய கட்டில், பீரோ வாங்கி விற்கும் கடைக்காரருக்குப் பேரம் என்றால் உயிர். சொன்ன விலைக்கு ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை மனுஷன். கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் ஊறிப்போன வருஷம், வண்டிக் கடனைக் கட்ட முடியாமல் திண்டாடினார். வசூலுக்கு வந்தவனிடமே பேரம் பேசிப் பேசி, பாதிப் பணத்தில் கணக்கை முடித்துவிட்டார். "பேங்க்காரனையே மடக்கிட்டேன்ல!" என்று சொந்தபந்தத்திடமெல்லாம் ஒரே மார்தட்டல். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துப்போனது.

இப்போது மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். படிப்புக் கடன் விண்ணப்பத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வங்கி அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கடன் ரிப்போர்ட்ல பழைய வண்டிக் கடன் ஒண்ணு இடிக்குது சார்."

"அது எப்பவோ முடிஞ்ச கணக்கு. ரசீதே இருக்கு!"

"குறைச்சுக் கட்டி முடிச்சதுன்னு பதிவாகியிருக்கு. முழுசா கட்டாத ஆளுன்னுதான் அதுக்கு அர்த்தம்."

அடக் கொடுமையே! இத்தனை வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது இதைத்தானா? கடைக்காரருக்கு முகம் செத்துப்போனது. மனைவி குனிந்து விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"மீதியையும் இப்பவே கட்டிடறேன் சார். ஒரு பைசா குறைக்கச் சொல்லல."

"தாராளமா கட்டலாம். ஆனா அந்தக் கடன் குடுத்தவங்க எழுதிக் குடுத்து, ரிப்போர்ட் மாறி வர மாசக்கணக்காகும்."

"கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார். பொண்ணு படிப்பு..."

"பேசி முடிக்கிற விஷயம் இல்ல சார் இது." அதிகாரி, பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினார். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். "உங்க சம்பளமே போதும்மா. சார் பேரை எடுத்துட்டா இன்னைக்கே முடிச்சுடலாம்."

அதிகாரி விண்ணப்பத்தை மகள் பக்கம் நகர்த்தினார். விண்ணப்பம் அவள் பெயரில் இருந்ததால் அப்பாவின் பெயரை அவள்தான் அடிக்க வேண்டும். பேனாவை எடுத்தவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... அடிச்சிடட்டுமா?"

கடைக்காரர், பெற்ற மகளின் படிப்புக்கு நாமே குறுக்கே நிற்கிறோமே என்று நொந்துபோனார்.

"அடிம்மா. இதுக்குப் போய் என்னைக் கேட்டுக்கிட்டு..."

தந்தை என்ற இடத்தில் இருந்த பெயரின் மேல் அவள் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் படிக்க முடியுது பாரும்மா. பேர் தெரியாத மாதிரி நல்லா அழுத்தி அடி."

மகள் தலை நிமிராமல் மறுபடியும் அடித்தாள்.