நெற்றியில் வைத்த போன்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கு என்றுதான் பெயர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, யார் பையைத் தொலைத்தார்கள், எவன் குறுக்கே வண்டியை நிறுத்தியிருக்கிறான் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவிப்பவள். ஒரு அதட்டல் போட்டால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஜெபக்கூட்டத்தில் மட்டும் இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். ஆமென் சொல்வதோடு சரி, அதுவும் வாய்க்குள்ளேயே.

அங்கே வழக்கம் அப்படி. ஜெபிப்பது கூட்டம் நடத்தும் ஜெபக்காரரின் வேலை. மற்றவர்களுக்கு இன்னும் ஆவியானவரின் 'நிறைவு' வரவில்லையாம். சொன்னவரும் அவரேதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, நோயாளியின் நெற்றியில் வைப்பார்கள். ஒருமுறை நடுவில் இணைப்பு அறுந்து, போன் கம்பெனிக்காரியின் பதிவுக்குரல் வந்துவிட்டது. அண்ணி அதற்கும் ஒரு ஆமென் போட்டுவைத்தாள்.

இன்றைக்குப் படுத்திருந்தது அண்ணன். வெல்டர், மலை மாதிரி ஆள், குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். டாக்டரம்மா மழுப்பாமல் சொல்லிவிட்டார்: "இப்பவே ஆபரேஷன் பண்ணணும். உள்ள வெடிச்சிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

அண்ணனோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஐயா ஜெபிக்காம நான் வரமாட்டேன். என்னை யாரும் தொடாதீங்க."

வார்டுக்குள் சிக்னல் கிடையாது. மைக்கு படிக்கட்டு ஜன்னலுக்கு ஓடி, போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வெளியூர்ல இருக்கேன்மா. வந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் ஜெபக்காரர். "நான் வர்றவரைக்கும் கத்தி வைக்க விடாதீங்க. வேற யாரும் தலையில கைவச்சு ஜெபிக்கவும் வேண்டாம். நிறைவில்லாத கை, ஆபத்து."

"டாக்டர் அவசரப்படுறாங்கய்யா. நீங்க எப்ப வருவீங்க?"

"வர்றப்ப வருவேன். விசுவாசம் வேணும்மா."

போனோடு உள்ளே ஓடி வந்தாள். வாசலிலேயே இணைப்பு அறுந்தது. அண்ணி அவள் கையிலிருந்து பிடுங்கி, இருண்டுபோன போனை அண்ணனின் வியர்த்த நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"அதான் கட்டாயிடுச்சே, அண்ணி!"

"இருக்கட்டும். ஐயா பேசின போன்தானே."

மைக்குக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. பேசாத ஒரு போனை நெற்றியில் சுமந்துகொண்டு இந்த மனுஷன் சாகப்போகிறான், நாமும் கைகட்டி நின்று பார்க்கப்போகிறோம்! வெடுக்கென்று போனை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அவருக்குள்ள இருக்கிறது பெரிய ஆவியானவர், எனக்குள்ள இருக்கிறது குட்டி ஆவியானவரா?"

அண்ணன் வலியிலும் கண்ணைத் திறந்தான். "உளறாதே. உனக்கு இன்னும் நிறைவு..."

"நிறைவாவது ஒண்ணாவது! நீயும் நானும் ஒரே நாள்ல ஒரே ஞானஸ்நானத் தண்ணியிலதானே முங்கி எழுந்தோம்? ஆண்டவர் பாதியைக் குடுத்துட்டு மீதியை அவர் பையில போட்டு அனுப்பினாரா? ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி சிக்னல் தேடுறேனே, கூடவே இருக்கிறவர்கிட்டப் பேச!"

கையை எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். பேருந்து நிலையத்துக் குரல் தானாக வந்தது. "அப்பா! இது என் அண்ணன். பயந்து கிடக்கிறான், நானும் பயந்துதான் நிக்கிறேன். இவன்கூட உள்ளே போங்க. டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கோங்க. இயேசுவின் பேரால கேக்கறேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணன் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை விட்டான். "கத்தாதடி, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றான். கண்ணோரம் நனைந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

ஆபரேஷன் முடிவதற்குள் ஜெபக்காரர் ஜெப எண்ணெய்க் குப்பியோடு வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்தது.

"யாரைக் கேட்டு ஜெபிச்சே?"

"யாரைக் கேக்கணும்? அப்பாகிட்டப் பேச மகளுக்கு சிபாரிசு வேணுமா?"

"உள்ளே ஏதாவது ஆச்சுன்னா?"

மைக்கு நிமிர்ந்தே நின்றாள். "ஆச்சுன்னா அழுவேன். அப்பவும் அவர் என்கூடத்தான் இருப்பார். உங்ககிட்ட கேட்டுட்டு வரமாட்டார்."

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். "பிழைச்சிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்."

மைக்கு சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

ஜெபக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி, எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் நன்றி ஜெபம் பண்றேன்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் திக்கித் திணறி முந்திக்கொண்டது. அண்ணியின் குரல். "அப்பா... எனக்கு எப்படிப் பேசணும்னு தெரியல... என் வீட்டுக்காரரைத் திருப்பிக் குடுத்துட்டீங்க..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"ஆமென்!" என்றாள் மைக்கு, படிக்கட்டு வரைக்கும் கேட்க.